மடிப்பில் இருக்கிறது அழகு

கோலாலம்பூர் ஜாலான் ராஜா அலாங்கில் உள்ள சீக்கியர்களின் தத் கால்சா குருத்வாராவில் கருநீலம், காவி, வெள்ளை எனத் தலைப்பாகை நிறங்கள்தான் முதலில் கண்ணை இழுக்கும். ரசனைக்குரியது மடிப்பு என்பேன். ஐந்தாறு மீட்டர் மெல்லிய பருத்தித் துணியை இருவர் ஆளுக்கொரு முனையாக விறைப்பாக இழுத்து நீளவாக்கில் மடிக்கிறார்கள். பிறகு கட்டுபவர் ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு, நெற்றியில் படிப்படியாகச் சுற்றுகளை ஏற்றி, ஊசி போன்ற சிறு கம்பியால் சுருக்கங்களை உள்ளே தள்ளுகிறார். விரல்படும் ஒவ்வொரு விளிம்பும் நேராகிறது. நிறத்துக்கும் பொருள் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், சீக்கியப் போர்வீரர் பிரிவினரான நிஹாங்குகளின் நீலம் ஆழ்ந்த மரபு, முதியவர்களிடம் வெள்ளை வழக்கம். ஆனால் சீக்கிய சமயம் கேட்பது வெட்டாத கேசத்தையும் அதைக் காக்கும் தலைப்பாகையையும்தான். அன்றாட நிறம் அவரவர் விருப்பம். அதனால்தான் அலுவலகச் சட்டைக்கேற்ப நிறம் மாறினாலும் காலையில் மடித்துக் கட்டும் பொறுமை மாறுவதில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அடுத்த முறை ஒரு தலைப்பாகையைக் கண்டால், அந்த மடிப்புகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.