கத்தியும் கையொப்பமும்

ஒரு கருவியை அதன் கூர்மை கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. அது எத்தகைய வாழ்க்கை நோக்கைத் தன்னுடன் கொண்டுவருகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். பியர் கிரில்ஸ் என்னும் பிரித்தானியரின் பெயரால் விற்பனையாகும் மலிவுவிலைக் கத்திகள் இத்தகைய ஆராய்ச்சிக்கு உரியன.

2006 ஆம் ஆண்டு தொடங்கிய ‘மேன் வெர்சஸ் வைல்ட்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் இவரை உலகறியச் செய்தது. 2020 மார்ச்சில், பந்திப்பூர்க் காட்டில் ரஜினிகாந்துடன் தோன்றிய நிகழ்ச்சி தமிழர் பலரின் இல்லங்களுக்கும் இவரைக் கொணர்ந்தது. கடந்த பதிற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேர்பர் நிறுவனம் இவர் பெயரிற் கத்தி வரிசையொன்றை வெளியிட்டது. கேர்பர், 1987 முதல் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் குழுமத்தின் உடைமை. வரிசையின் முதன்மையான கத்தி உருவானதோ சீனத்துத் தொழிற்சாலையில். பிரித்தானியரின் புகழ், அமெரிக்க வணிகச் சின்னம், பின்லாந்து மூலதனம், சீனத் தொழிலாளியின் உழைப்பு ஆகிய நான்கும் கூடிப் பிறந்த பொருளில், உழைத்தவனது பெயருக்கு மட்டும் இடமில்லை.

கத்தியின் பயனை மறுத்தல் நேர்மையாகாது. அதன் அலகு எளிதில் துருவேறாத உருக்கு. அலகின் ஒரு பகுதியிலுள்ள பற்கள் கயிற்றை அறுக்க உதவுவன. உறையில் தீமூட்டும் கோலும் சாணையும் உண்டு. கைப்பிடிக் கயிற்றில் ஊதல் ஒன்று தொங்குகின்றது. சாதாரண வருவாயுடைய இளைஞனும் வாங்கத்தக்க விலையில் இவையனைத்தும் கிடைப்பது நன்றே.

ஆயின், கத்தியுடன் சேர்த்து விற்கப்படும் கருத்தே நமது கேள்விக்குரியது. தனிமனிதன் ஒருவன் கையில் ஒரு கத்தியுடன் இயற்கையை வென்று உயிர்தப்புகின்றான் என்பதே அக்கருத்து. அத்தனிமனிதனுக்குப் பின்னால் படப்பிடிப்புக் குழு ஒன்று இருந்தது. சில இரவுகளை அவர் விடுதியிற் கழித்தார் என்பதும் 2007 இல் வெளியாயிற்று. அதன்பின் நிகழ்ச்சியில் விளக்கக் குறிப்புகள் சேர்க்கப்பட்டன. தனிமை என்பது அங்கே காட்சிப்பொருள்.

‘இது வெறும் பொழுதுபோக்கு; இதில் தத்துவம் தேடுவானேன்?’ எனச் சிலர் வினவலாம். மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள பேசாலையில் நின்று நோக்குவோர்க்கு இதன் விடை எளிதிற் புலப்படும். இங்கு மீன் அறுக்கும் பெண்ணின் கையிலும், பனையேறும் தொழிலாளியின் இடுப்பிலும் கத்தி உண்டு. பாளைக்கத்தியின் அலகைக் காட்டிலும் அதைக் கையாளும் பக்குவமே அரிது; அதனை மூத்தவரிடமிருந்தே இளையவன் கற்கின்றான். வலையிழுப்பதோ பலர் கை கூடாமல் நடவாது. இக்கத்திகளில் எவருடைய கையொப்பமும் இல்லை.

அத்தொடர் தொடங்கிய அதே 2006 இல், ஜூன் 17 ஆம் நாள், பேசாலை வெற்றி அன்னை ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடி தாளாது மன்னார்க் கரையிலிருந்து படகேறியோர் சிலர், கைக்குழந்தையுடன் தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டொன்றில் இறக்கிவிடப்பட்டனர். இந்தியக் கடலோரக் காவற்படை அவர்களை மீட்டது. இம்மக்களை அபாயத்துள் தள்ளியது காடுமன்று, விலங்குமன்று. போரும் பசியும் மனிதர் விளைத்தவை. எத்துணைக் கூரிய கத்தியாயினும் அங்கே என் செய்யும்? இயற்கையே மனிதனின் பகை என ஓயாது கற்பிக்கும் காட்சி, உண்மையான பகையை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றது.

எனவே, அக்கத்தி வரிசையில் மிக நேர்மையான உறுப்பு எதுவென வினவினால், கைப்பிடியில் தொங்கும் அச்சிறு ஊதலையே நான் சுட்டுவேன். கேட்பதற்கு வேறொரு மனிதன் இருக்கின்றான் என்ற நம்பிக்கையில் ஊதப்படுவது அது. தனிமனிதனின் வெற்றியைப் பறைசாற்ற வந்த கத்தி, மனிதன் தனித்து வாழ இயலாதவன் என்பதைத் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கின்றது. மாணவர்கள் கத்தியை வாங்கட்டும். அதனொடு விற்கப்படும் தனிமையை விலைக்கு வாங்காதிருப்பார்களாக.