வடசென்னைப் படங்களும் பெயர் சொல்லாத சாதியும்

வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் ஓடிடியில் வெளியாகிச் சில நாட்களிலேயே அதைப் பற்றிய பேச்சு கட்சிகளின் கைக்குப் போய்விட்டது. படம் எம்.ஜி.ஆரைச் சிறுமைப்படுத்துகிறது, தி.மு.க.வுக்குப் பிரசாரம் செய்கிறது என்று முன்னாள் அமைச்சர் ஜெயக்குமார் கண்டித்தார். ராயபுரத்தில் பலமுறை வென்றவர் அவர். இந்தப் பகுதியின் குத்துச்சண்டை அவருக்குக் கேள்விப்பட்ட சங்கதி அல்ல. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோதுதான், 1980-இல், முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார் என்பதும் உண்மை. தி.மு.க.வினரோ நெருக்கடிநிலையையும் 1976 ஜனவரியில் ஆட்சி கலைக்கப்பட்டதையும் திரையில் பார்த்து நெகிழ்ந்தார்கள். மீனவ மக்களிடமிருந்து வேறொரு குறை எழுந்தது: பரம்பரைகளில் பெயர்பெற்ற எங்கள் வீரர்கள் படத்தில் எங்கே?

மூன்று தரப்பும் தேடியது தங்கள் படத்தை, தங்கள் கொடியை, தங்கள் ஆளை. நாயகன் கபிலனை ரிங்கிலேயே துணியை உருவி அவமானப்படுத்துகிறார்களே, அதைச் செய்தது யார், எதற்காக என்ற கேள்வி இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. இதற்கு அரசியல்வாதிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதியைப் பெயர் சொல்லாமல் குறியீடுகளால் பேசும் வழக்கத்தை நம் படங்கள்தான் வளர்த்திருக்கின்றன. அந்த வழக்கத்தால் வடசென்னைக்குக் கிடைத்தது பெரிது. கிடைக்காமல் போனதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் கிடைத்தது. தண்டையார்பேட்டையில் இருப்பவர்கள் அகஸ்தியாவிலும் மகாராணியிலும் டிக்கெட் எடுத்து, தங்களையே அடியாளாகவும் கஞ்சா விற்பவனாகவும் காமெடியன் வாயில் வரும் பாஷையாகவும் பார்த்துவிட்டுத் திரும்பிய காலம் நீண்டது. 2014-இல் பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வந்தபோது அது மாறியது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, ஃபுட்பால், ஐ.டி. வேலைக்குப் போகும் காளி, அம்பேத்கர் படம், கையில் ஒரு தலித் நாவல். சாதிப் பெயர் ஓரிடத்திலும் வராது. ஆனால் தெரிய வேண்டியவர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ‘தேவர் மகன்’, ‘சின்னக் கவுண்டர்’ என்று ஒரு பக்கத்துச் சாதிகள் தலைப்பிலேயே மார்தட்டிக்கொள்ள முடிந்த சினிமாவில், இன்னொரு பக்கத்துக்குக் கிடைத்த வழி இதுதான். தணிக்கையையும் தாண்ட வேண்டும், தியேட்டர் வாசல் மிரட்டலையும் தாண்ட வேண்டும். குறியீடு இரண்டையும் தாண்டியது.

‘மெட்ராஸ்’ படத்தில் இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொள்ளும் சுவர் இருக்கிறதே, அது இந்தப் பக்கத்து வாழ்க்கையிலிருந்து அப்படியே எடுத்தது. தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பே சுவருக்கு வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரரே ஆனாலும் அதற்குப் பிறகு அதில் கைவைக்க யோசிப்பார். அதை ஒரு கதையின் நடுவில் நிறுத்தியது அபாரமான கண்டுபிடிப்பு.

ஆனால் அந்தச் சுவரிலேயே வழக்கத்தின் பலவீனமும் இருக்கிறது. குறியீடு ஒருவன் யார் என்று சொல்லிவிடும். அவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. சாதியோ அந்த நடுவில்தான் இருக்கிறது. ‘மெட்ராஸ்’ படத்தை இரண்டு கோஷ்டிகளின் பதவிச் சண்டையாக மட்டுமே பார்த்துவிட்டு, நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று பாராட்டிப் போனவர்கள் ஏராளம். அவர்கள் பார்த்தது தவறும் இல்லை. படம் அதற்கு இடம் கொடுக்கிறது.

‘சார்பட்டா’ இதில் ஒரு படி மேலே போனது. கபிலனை வெறுக்கும் தணிகையின் ஏளனத்திலும் ரிங்கில் நடக்கும் அந்த அவமானத்திலும் உறவே நேரடியாகத் தெரிகிறது. ஓடிடியில் வந்ததால் தியேட்டர் படத்துக்கான சான்றிதழ் தேவைப்படவில்லை. கட்சிப் பெயர்களையும் தலைவர்களையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவ்வளவு சுதந்திரம் கிடைத்தும் சாதிப் பெயர் மட்டும் மறைவாகவே நின்றது. இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பவர் ஆங்கிலோ இந்தியரான கெவின். கபிலன் குடும்பத்தில் அவர் ஒரு பெரியவர் மாதிரிப் பழகுகிறார். அவர் யார், இவர்களுக்கு என்ன உறவு என்பதில் படத்துக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வெள்ளைக்காரனிடமிருந்து வந்த குத்துச்சண்டை, அதே ரிங்கில் அவர்களை எதிர்த்து நின்ற நம்மவர்கள் என்று இன வேறுபாட்டை நம்மால் பெருமையோடு சொல்ல முடிகிறது. காசிமேட்டுக் குப்பத்துக்கும் பக்கத்துச் சேரிக்கும் நடுவில் இருந்த நட்பையும் பகையையும் சொல்ல வரும்போதுதான் வாய் அடைத்துக்கொள்கிறது. மீனவர்கள் எழுப்பிய குறைக்கு அங்கே நியாயம் இருக்கிறது. இரண்டு மக்களும் ஒரே வாத்தியாரிடம் கற்ற கதையை எடுத்திருந்தால் இன்னும் கனமான படம் கிடைத்திருக்கும்.

வெற்றிமாறனின் ‘வடசென்னை’ (2018) எதிர்த் திசையில் போனது. அதில் குறியீடும் குறைவு. தங்களைத் தவறாகக் காட்டுவதாக மீனவர்கள் கொதித்தார்கள், இயக்குநர் வருத்தம் தெரிவித்து, படகில் நடக்கும் காட்சியை நீக்குவதாகச் சொன்னார். குடியிருப்பை இடித்துச் சாலை போட வருபவர்களை ராஜன் என்ற கதாபாத்திரம் தடுத்து நிற்பதுதான் அந்தப் படத்தின் உயிர். எண்ணூர் வரைக்கும் இன்றும் எரிகிற பிரச்சினை அது. அதைப் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறக்கவில்லை.

காட்சியை வெட்டுவது, காலண்டரை மாற்றுவது, ஆண்டைத் திருத்துவது என்பதே நம்மிடம் தீர்வாகிவிட்டது. கொடியங்குளம் வன்முறையை ஒட்டிய ‘கர்ணன்’ வந்தபோது, அந்த வன்முறை நடந்தது 1995-இல், அ.தி.மு.க. ஆட்சியில் என்று தி.மு.க.வின் உதயநிதி சுட்டிக்காட்டினார். படத்தில் 1997 என்று இருந்தது ‘1990களின் பிற்பகுதி’ ஆனது. போலீஸ் அந்த ஊரில் என்ன செய்தது என்பதை விட்டு, எந்த ஆட்சியின் போலீஸ் என்பதில் பேச்சு நின்றது. ‘ஜெய் பீம்’ விவகாரத்தில் வன்னியர் சங்கச் சின்னமான அக்னி கலசம் இருந்த காலண்டர் மாற்றப்பட்டது. அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் வன்னியர் தரப்பின் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. அம்பேத்கர் படம் மாட்டினால் அர்த்தம் உண்டு என்று சொல்கிறவர்கள், கொடுமை செய்யும் போலீஸ்காரர் வீட்டுக் காலண்டருக்கு மட்டும் அர்த்தம் இல்லை என்று சொல்ல முடியாது. குறியீட்டால் பெருமை சேர்க்கலாம் என்றால், குறியீட்டால் பழி சுமத்தவும் முடியும். குற்றம் சாட்டுவதாக இருந்தால், ஆதாரத்தோடு பெயர் சொல்லிச் சாட்டுவதுதான் நேர்மை.

பெயர் சொன்னால் வழக்கு வரும், கதாபாத்திரம் சாதியாகச் சுருங்கிவிடும் என்ற அச்சம் உண்மையானது. அதற்கு ‘பரியேறும் பெருமாள்’ ஒரு பதில். அங்கேயும் நீலமும் கருப்பி என்ற நாயும் குறியீடுகள்தான். ஆனால் ஜோவின் அப்பாவும் நாயகன் பரியனும் பேசுகிற கடைசிக் காட்சியைக் கட்சிச் சண்டையாக மாற்ற யாராலும் முடியாது.

வடசென்னையில் அப்படி ஒரு கதை நூறு ஆண்டுகளாகக் காத்துக்கிடக்கிறது. 1921-இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் சேரவில்லை. சேர்ந்தவர்கள் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டே வெளியே கொண்டுபோக வேண்டும் என்று நீதிக்கட்சித் தலைமையிலிருந்தே குரல் எழுந்தது, எம்.சி. ராஜா அந்தக் கட்சியிலிருந்து விலக அது ஒரு காரணம். வேலைநிறுத்தத்தை வழிநடத்திய திரு.வி.க. உட்பட நாம் மதிக்கும் பலர் அந்த மாதங்களில் இந்தத் தெருக்களில்தான் நின்றார்கள். திராவிட இயக்கத்தாரும் இடதுசாரிகளும் காங்கிரஸ்காரர்களும் தலித் அமைப்புகளும் ஒவ்வொருவரும் அதை வேறுவேறாகச் சொல்வார்கள். யாருடைய கொடியும் கறைபடாமல் அதைப் படமாக்க முடியாது. அங்கே தீ வைத்தவனுக்கும் குடிசையை இழந்தவனுக்கும் பெயர் வேண்டும், சாதி வேண்டும். இருவரும் அதுவரை ஒரே மில்லில், ஒரே சங்கொலிக்கு உள்ளே போய் வந்தவர்கள் என்பதும் வேண்டும்.