தங்கலானும் தங்கவயலும்

அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு, கோலார் தங்கவயலில் சயனைடு மேடுகளாக இன்றும் நிற்கிறது. அங்கிருந்த பாலகாட் சுரங்கத்தில் இறங்கியவர்களின் சந்ததிகள் அந்த மேடுகளின் நிழலில்தான் வாழ்கிறார்கள். தங்கவயலைப் பற்றிய பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) படத்தை அவர்கள் முன் வைத்து எடைபோடுவதே முறை.

படத்தின் பெரும்பலம் அதன் தொடக்கம். வட ஆர்க்காட்டில் மிராசுதாரிடம் நிலத்தை இழந்த தங்கலான், அதை மீட்கவே வெள்ளைக்காரன் கிளமெண்டுடன் தங்கம் தேடிப் போகிறான். சாதி நிலத்தைப் பறித்தது, நிலமில்லாமை சுரங்கத்துக்குத் துரத்தியது என்கிறது படம். வரலாறும் அதையே சொல்கிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலுக்கு வந்தபின் ஆழத்தில் இறங்கியோரில் பெரும்பாலோர் தமிழ்த் தலித்துகள்.

தங்கத்தைக் காக்கும் ஆரத்தி வந்ததும் கேள்வி மாறுகிறது: இந்த மண்ணைத் தோண்டலாமா? காத்தவர்களின் வழிவந்தவனே தான் என்று தங்கலான் உணரும்போது, அது ‘தங்கம் யாருக்கு?’ என்று சுருங்கிவிடுகிறது. உரிமை கைமாறினால் மண்ணின் காயம் ஆறிவிடுமா? படம் அங்கே நழுவுகிறது.

போகன்வில் தீவு மக்களைப் பற்றிய ‘தி கோகனட் ரெவல்யூஷன்’ ஆவணப்படத்தில் இந்த நழுவல் இல்லை. தங்கள் ஆற்றைக் கெடுத்த பாங்குனா செம்புச் சுரங்கத்தை 1989இல் அவர்கள் முடக்கினார்கள். அது அவர்களுக்கு வெற்றி. தங்கவயலின் கதை வேறு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, மூடாதே என்றுதான் தொழிலாளர்கள் போராடினார்கள். நுரையீரலை அரித்த அதே சுரங்கம்தான் சோறும் போட்டது. தீவு மக்களின் கதைக்குப் பொருந்தும் ‘மண்ணின் காவலர்’ சட்டையை இவர்களுக்கு மாட்டினால், இந்த இரட்டைத் துயரம் மறைந்துபோகும்.

படம் நடப்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். பிறகு நடந்ததைக் காட்டவில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை. ஆனால் எதிர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதற்குப் படம் தரும் விடையைக் கேள்வி கேட்கலாம். முற்பிறவி நினைவிலிருந்து என்கிறது படம். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து மூன்று வாரம் வேலையை நிறுத்திய தங்கவயல் தொழிலாளர்களுக்கு அப்படியொரு நினைவு தேவைப்படவில்லை. நாங்கள் குற்றவாளிகளா என்ற மானக்கேள்வியே போதுமாயிருந்தது.

என் தீர்ப்பு: பறிக்கப்பட்ட நிலத்தின் மீது உரிமை கோரும் தொன்மமாகத் ‘தங்கலான்’ வலிமையானது, அதற்காக அது போற்றத்தக்கது. தங்கவயல் மக்களின் எதிர்ப்புக்குச் சாட்சியாக அது பாதிதான். மீதிப் பாதி, தொழிலாளர் குடியிருப்புகளான ‘லைன்’களில் இன்னும் வாழும் முதியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அதைப் பதிவுசெய்யும் ஆவணப்படம் வர வேண்டும்.