பாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாட நாடகம் இல்லை

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா ஒன்றின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். நெகாராகூ, கடவுள் வாழ்த்து, தலைமையாசிரியர் உரை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் உரை, ஒரு பரதநாட்டியம். அதன்பின் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அதிர, ஜிகினா உடுத்திய பிள்ளைகள் ஆடுகிறார்கள். சிலர் உதட்டையும் அசைக்கிறார்கள். பாடுவது சென்னையில் எப்போதோ பாடி முடித்துவிட்ட ஒருவர். இதைப் பார்த்துச் சலித்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: பணம் இல்லை, நேரம் இல்லை, பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்றாலும் மூன்றும் இரண்டாம் நிலைக் காரணங்களே. பள்ளியோ இளைஞர் மன்றமோ கையில் எடுத்து அரங்கேற்றத்தக்க, பிள்ளைகளின் குரலுக்கென்றே எழுதப்பட்ட, வசனமும் பாட்டும் மெட்டும் ஒன்றாக அச்சான தமிழ் இசை நாடகப் பிரதிகள் நம்மிடம் இல்லை என்பதே முதல் காரணம். பிரதி இருந்தால் மற்ற மூன்றையும் சமாளித்துவிடலாம். பிரதி இல்லாதபோது அந்த மூன்றும் கைகூடினாலும் கிடைப்பது ஒருநாள் கூத்துதான்.

ஆள் பஞ்சம் இல்லை என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் வட்டார அளவில் தொடங்கித் தேசிய அளவு வரை நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்காகப் பிள்ளைகள் பண்ணோடு மனப்பாடமாகப் பாடப் பழகுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் நடன வகுப்புகள் பல. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உறுமி மேளக் குழுக்கள். தைப்பூசம் வந்தால் இவர்களைக் கண்டிக்காமல் நம் மேடைகளுக்குப் பொழுது விடிவதில்லை. ஆனால் பள்ளியில் எந்த இசை வகுப்பும் தராத ஒன்று, சேர்ந்து வாசிக்கும் ஒழுங்கு, இந்தப் பதினாறு பதினேழு வயதுப் பையன்களிடம் இருக்கிறது. சொந்தச் செலவில் கருவி வாங்கி, வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, மணிக்கணக்கில் காலம் தவறாமல் வாசிக்கிறவர்களை ஆர்வமற்றவர்கள் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆங்கிலத்தில் நாடகம் நடத்துவோரின் நிலைமை வேறு. செந்தூலில் 2005இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் நிகழ்கலை மையமும், பெட்டாலிங் ஜெயாவில் ஜெயா ஒன், ஒன் உத்தாமா வளாகங்களில் அமைந்த அரங்குகளும் இளையோருக்கு இசை நாடகம் என்ற வடிவத்தைப் பழக்கமாக்கிவிட்டன. அவர்களிடம் அதிகப் பணம் இருக்கிறது என்பது உண்மைதான். அதற்கும் மேலாக ஒரு பட்டியல் இருக்கிறது. 1952இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிராங்க் லோசர் தொடங்கிய மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் போன்ற உரிம நிறுவனங்களிடம் கட்டணம் கட்டினால் வசனம், இசைக்குறிப்பு, பின்னணி இசைத்தடம், ஆசிரியர் கையேடு எல்லாம் கைக்கு வந்துவிடும். பள்ளிகளுக்கென்றே பெரிய நாடகங்களை ஒரு மணி நேரமாகச் சுருக்கி, இளங்குரலுக்கு ஏற்பச் சுருதி மாற்றி எழுதிய தனி வரிசையும் உண்டு. ஆகவே இசையமைக்கத் தெரியாத ஓர் ஆசிரியர்கூட ஒரு பருவத்துக்குள் ஒரு நாடகத்தை ஏற்றிவிட முடிகிறது. நம் ஆசிரியரோ கதை, வசனம், பாட்டு, மெட்டு, ஆடல் எல்லாவற்றையும் தானே உண்டாக்க வேண்டும். உண்டாக்கியதும் அவர் மாற்றலாகிப் போனால் அவரோடு போய்விடும்.

பள்ளிக்கென்று எழுதுவது தரம் தாழ்ந்த வேலை என்ற எண்ணம் நம் எழுத்தாளர்களிடம் உண்டு. இங்கிலாந்தின் அனுபவம் அதற்கு நேர்மாறானது. ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் டிம் ரைஸும் எழுதிய யோசேப்பின் வண்ண அங்கி நாடகம் 1968 மார்ச்சில் லண்டனின் கோலட் கோர்ட் பள்ளியில் கால்மணி நேரப் பாட்டுக் கதையாகத்தான் முதலில் மேடை கண்டது. கேட்டு எழுதவைத்தவர் அந்தப் பள்ளியின் இசை ஆசிரியர். பிறகு அச்சாகிப் பள்ளி பள்ளியாகச் சென்று, பாட்டுகள் சேர்ந்து, பெரிய அரங்குகளுக்கு வளர்ந்தது. பெஞ்சமின் பிரிட்டன் 1958இல் ஆர்ஃபர்டு தேவாலயத்தில் அரங்கேற்றிய நோவாவின் வெள்ளம் இன்னும் நுட்பமான பாடம். அதில் தேர்ந்த கலைஞர்கள் சிலர்தாம், மற்றவர்கள் பிள்ளைகள். வயலினில் விரல் வைக்கவே தெரியாத பிள்ளைக்குத் திறந்த தந்திகளை மட்டும் இழுக்கும் பகுதி, ரெக்கார்டர் ஊதுகிறவர்களுக்கு ஒரு பகுதி, மழைத்துளிக்குக் கயிற்றில் தொங்கும் கோப்பைகளைத் தட்டும் பகுதி என்று திறமையின் படிகளுக்கேற்ப அவர் எழுதினார். கடினமானதை எளிதாக்கவில்லை, யாருக்கு எது முடியுமோ அதையே இசையாக்கினார். உறுமியும் பறையும் தாளமும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கிள்ளான் பையன்களுக்கு இப்படி எழுத ஒருவர் இன்னும் வரவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கு ஒட்டாது என்பார் உண்டு. தமிழில் இது புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியபோது நடிகர்கள் சிறுவர்கள்தாம், டி. கே. சண்முகமும் அண்ணன்மாரும் அங்கே பயின்றவர்கள். சிறுவன் சண்முகத்துக்காகவே அபிமன்யு சுந்தரியை சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகில் புகழ்பெற்ற செய்தி. இரவு எத்தனை என்பதில் எனக்கு அக்கறையில்லை. எழுதும்போது அந்தப் பிள்ளையின் குரலும் மூச்சும் அவர் காதில் இருந்தன என்பதே விஷயம். அவர் பாடல்கள் குழு குழுவாகப் பரவி, எழுதியவரைக் காணாத ஊர்களிலும் மேடையேறின. பாலர் கம்பெனிகளைப் பொற்காலமாக வருணிக்க வேண்டியதில்லை. பெற்றோரைப் பிரிந்த வாழ்வு, அடி உதை, மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அடுத்து என்ன என்ற அச்சம் எல்லாம் அங்கே உண்டு. பள்ளிக்கு அந்தக் கம்பெனி வாழ்க்கை வேண்டாம். குரலை அறிந்து எழுதும் அந்தத் தொழில் வேண்டும்.

அது ஏன் தொடரவில்லை? மலாயாவில் பாட்டோடு கூடிய மேடைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தியாவிலிருந்து நாடகக் குழுக்கள் பினாங்கில் இறங்கின. பார்சி நாடகத்தின் சாயலில்தான் மலாய் பங்சாவான் பிறந்தது. தோட்டங்களில் பொன்னர் சங்கர் கதை விடிய விடியக் கூத்தாக நடந்தது. தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கி வைத்த தமிழர் திருநாளும், அந்த நாளிதழ் வளர்த்த மாணவர் மணிமன்றமும், பின்னர் கிளைகள் விட்ட தமிழ் இளைஞர் மணிமன்றங்களும் இளையோரை மேடைக்குக் கொண்டுவந்தன. ஆனால் அந்தத் தலைமுறை கண்டு வியந்த நாடகம் சீர்திருத்தக் காலத்து வசன நாடகம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை 1891இலேயே தொடங்கிய மாற்றம், திராவிட இயக்க நாடகங்களில் முழுமை பெற்றது: மேடையில் பேச்சு உயர்ந்தது, பாட்டு திரைப்படத்துக்குக் குடிபெயர்ந்தது. நம் இளைஞர் மன்றங்களுக்குப் பட்டிமன்றமும் அடுக்குமொழியும் கைவந்தன. பாட்டு வேண்டியபோது சினிமாவிடம் கடன் வாங்கினார்கள். அந்தக் கடன் இன்னும் அடையவில்லை.

இடையில் ஒரு பெரிய விதிவிலக்கு, சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் நிறுவிய டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். பிரிக்பீல்ட்ஸில் சொந்த அரங்கத்தோடு இயங்கும் இந்த அமைப்பு, தன் மாணவர்களையே ஆடவும் வாசிக்கவும் வைத்துப் பெரும் நாட்டிய நாடகங்களைப் படைத்திருக்கிறது. இசையும் சொந்தமாக அமைத்தது. தரத்தில் அதற்கு ஈடு இங்கே சிலவே. ஆயினும் அந்தப் படைப்புகள் அந்தக் கூரையின்கீழ் பல்லாண்டு பயின்ற உடல்களுக்காக உருவானவை. செந்தூலிலோ காப்பாரிலோ ஒரு பள்ளி ஆசிரியர் அதில் ஒன்றை எடுத்துத் தன் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு செய்ய வழியில்லை. இது குறையன்று, அந்த அமைப்பின் நோக்கமே வேறு. ஒரு நல்ல நிறுவனம் இருப்பதால் துறை செழித்திருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வதுதான் பிழை.

தமிழில் இந்தத் துறை ஓரளவு வேர்விட்ட இடம் இலங்கை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் 'தப்பி வந்த தாடி ஆடு' என்ற சிறுவர் நாடகத்தை எழுதினார். குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 'கூடி விளையாடு பாப்பா' என்ற சிறுவர் நாடகம் அவருடையது. போர்க்காலத்திலும் பள்ளி நாடகம் அங்கே நின்றுவிடவில்லை. காரணம் கலைத்தாகம் மட்டுமல்ல. நாடகமும் அரங்கியலும் அங்கே பொதுத் தேர்வுப் பாடம். பாடம் இருந்தால் ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்குப் பிரதி வேண்டும், பிரதிக்கு அச்சு வேண்டும். இன்னொரு வசதியும் அவர்களுக்கு உண்டு: கூத்து மெட்டுகள் ஊரறிந்தவை. புதுப் பாட்டைப் பழைய மெட்டில் எழுதிவிட்டால் இசைக்குறிப்பே வேண்டாம். தாலாட்டும் தெம்மாங்கும் கும்மியும் காவடிச்சிந்தும் நம் காதிலும் இன்னும் இருப்பதால், மலேசியாவுக்கும் இந்த வழி செலவற்றது.

இனி எதிர்வாதங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தது சினிமாப் பாட்டு, பிடித்ததைக் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். ரசனையில் தவறில்லை; இடறுவது சுருதியில். ஆண் பாடகரின் கட்டையில் பதிவான பாட்டைப் பத்து வயதுப் பிள்ளை அதே ஸ்தாயியில் பாடினால் கீழே இறங்க முடியாது, ஒரு ஸ்தாயி ஏற்றினால் உச்சத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் வாயசைப்பு. பிள்ளை பாடாத இசை நிகழ்ச்சி அவனுக்கு எதைக் கற்றுத்தருகிறது? சரி, ஆங்கில நாடகங்களையே மொழிபெயர்க்கலாமே என்றால், உரிமம் வாங்கியவர் நினைத்தபடி மொழிபெயர்க்க அனுமதி இல்லை. அதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். பெற்றாலும் ஆங்கிலத்தின் அசை அழுத்தத்துக்கு அமைந்த மெட்டில் தமிழின் குறில் நெடிலை அடக்கினால் சொல் நொண்டும். கிறிஸ்தவத் தேவாலயங்களில் மொழிபெயர்த்துப் பாடப்படும் பாமாலைகளுக்கும், தமிழிலேயே பிறந்த கீர்த்தனைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

தேர்வுச் சுமை என்ற வாதம் முன்பு வலுவானது. தொடக்கப்பள்ளியின் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் இடைநிலைப்பள்ளியின் பிடி3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்ட பிறகு அது மெலிந்துவிட்டது. வகுப்பறை மதிப்பீடே பிரதானமான நிலையில், மொழி, செய்யுள், இசை மூன்றையும் ஒரே வேலையில் காட்டும் நாடகத்தைச் சுமை என்பது விந்தை. எண்ணிக்கை வாதம் இதைவிடக் கனமானது. கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய பள்ளிகளில் ஆளுக்குக் குறைவில்லை. ஆனால் மொத்த மாணவர் நூறைத் தொடாத தமிழ்ப்பள்ளிகள் நாடெங்கும் பல. அயலூர்ப் பிரதிகள் முப்பது பேர் கொண்ட குழுவை எதிர்பார்க்கும். நமக்கு வேண்டியது எட்டுப் பேராலும் எண்பது பேராலும் செய்யக்கூடியது. கட்டியங்காரன் ஒருவன் கதையை நடத்திச்செல்ல, மற்றவர்கள் பின்பாட்டும் பாத்திரமுமாக மாறி மாறி நிற்கும் கூத்து வடிவம் இதற்கு இயல்பாகவே வளைந்து கொடுக்கும்.

இடைநிலைப்பள்ளியில் சிக்கல் வேறு. அங்கே தமிழ் மாணவர்கள் பல வகுப்புகளில் சிதறிவிடுகிறார்கள். அவர்களைச் சேர்க்கும் இடம் ஆலய இளைஞர் பகுதியோ மணிமன்றமோதான். பையன்களுக்குக் குரல் உடையும் வயதும் அதுவே. பாலர் கம்பெனி வெளியே அனுப்பிய அந்தக் குரலுக்குக் கோலாலம்பூரிடம் விடை இருக்கிறது. யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் வல்லவன் தொகுப்பை வெளியிட்டபோது தமிழ் ராப் உலகத் தமிழரிடையே இந்த நகரின் அடையாளமாயிற்று. சுருதியைவிடச் சந்தமும் உச்சரிப்பும் தாங்கும் அந்தப் பாணி, பாட வெட்கப்படும் பதினான்கு வயதுக்குத் தைத்த சட்டை.

கடைசியாக வருவது, அச்சிட்ட பிரதி கூத்தின் உடனடிப் படைப்பாற்றலைக் கொன்றுவிடும் என்ற ஐயம். தேர்ந்த கூத்தருக்கு இது பொருந்தலாம். ஒருபோதும் மேடையேறாத பிள்ளைக்குச் சொந்தமாகச் சேர்க்கவும் ஓர் அடிப்படை வேண்டும். 1930இல் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் எழுதிய ஆமென்பவன் என்ற பள்ளி இசை நாடகத்தை பெர்லின் மாணவர்கள் நடித்துப் பார்த்துக் கதையின் முடிவை ஏற்க மறுத்தார்கள். அவர் மாற்றி எழுதி, இல்லையென்பவன் என்ற இணை நாடகத்தையும் சேர்த்தார். கையில் பிரதி இருந்ததால்தான் அவர்களால் மறுக்க முடிந்தது. அப்படியொரு பிரதிக்குக் கதை தேடியும் அலைய வேண்டாம். பெட்டாலிங் ஜெயா 1950களில் எழுந்தது எஃபிங்காம் ரப்பர் தோட்டத்தின் மேல். அந்தப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி பண்டார் உத்தாமாவில் இன்றும் இயங்குகிறது. தோட்டம் நகரானபோது பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது நான்கு பாட்டுக்குக் குறையாத கதை.

முதல் பிரதி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இருபது நிமிடம், ஐந்தாறு பாட்டு, ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயிக்குள், சரிகம எழுத்திலேயே குறிப்பு, உறுமிக்கும் ரெக்கார்டருக்கும் தனிப் பகுதி, அட்டைக்குப் பின்னால் உரிமை பற்றிய ஒரு பத்தி. எழுதியவருக்கு ஒரு காட்சிக்கு ஐம்பது ரிங்கிட் என்றாலும் போதும், இலவசமாகத் தருவதைவிட அது நல்லது, ஏனென்றால் விலையில்லாப் பிரதி எங்கே நடந்தது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். வாங்குவார் யார் என்று பதிப்பாளர் கேட்பார். நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூறுக்கு மேல். பத்தில் ஒன்று எடுத்தாலும் ஓராண்டில் ஐம்பது மேடையேற்றம். மலேசியாவில் பெரியவர்களுக்காகத் தமிழில் நாடகம் எழுதுகிற எவரும் அந்த எண்ணிக்கையை எதிர்பார்த்து எழுதுவதில்லை.