இறுகாத முடிச்சு

நம் தோட்டக் கதைகளில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. யாரோ ஒருத்தனைப் பிடித்து ரப்பர் மரத்தில் கட்டிவைப்பார்கள். கயிறு இறுகும், ரத்தம் கசியும், வாசகனுக்குத் தொண்டை அடைக்கும். எனக்கு மட்டும் ஒரு கேள்வி வரும்: எந்த முடிச்சு?

கேலிக்குக் கேட்கவில்லை. மாடு வளர்த்த யாரையும் கேட்டுப் பாருங்கள். மாட்டின் கழுத்தில் சுருக்குப் போடமாட்டார்கள். இழுக்க இழுக்க இறுகி, விடியும்போது மாடு செத்துக் கிடக்கும். மணிக்கட்டும் அப்படித்தான். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கயிற்று முனையை எல்லாச் சுற்றுக்கும் அடியில் கொடுத்து வாங்கி, மேலே முடிச்சிட வேண்டும். இழுப்பு முடிச்சோடு நின்றுவிடும், வளையம் சுருங்காது. உள்ளே ஒரு விரல் நுழைய இடம் இருக்கும். கை மரத்துப்போகாது. ஆனால் கழலவும் கழலாது.

நம் கதைகளுக்குச் சுருக்கு மட்டும்தான் தெரிகிறது. இதுதான் என் குறை. தோட்டம் நம்மைக் கட்டியது சுருக்கால் அல்ல. செத்தவன் பால் வெட்டமாட்டானே! ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிந்தது. கங்காணி வழி ஆள்பிடிப்பு 1938இல் நின்றது. கட்டு மட்டும் அவிழவில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். கையில் வந்த கூலி தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே கரையும். எல்லாம் சுருங்காத வளையத்தின் சுற்றுகள். கள்ளுக்கடைதான் அந்த ஒரு விரல் இடைவெளி. சாயங்காலம் அங்கே போனவன் விடிந்ததும் பெரட்டில் வந்து நின்றான்.

போருக்குப் பிறகு, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை மறித்தது அந்தக் கள்ளுக்கடையைத்தான். 1947இல் கெடா தோட்டங்களில் போலீஸோடு மோதல் வெடித்தது, உயிர்களும் போயின. இதை வெறும் மதுவிலக்காக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடைவெளியும் கட்டின் ஒரு பகுதிதான் என்பதை நம் எழுத்தாளர்களுக்கு முன்பே அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அதனால்தான் லுனாஸின் 1981 விஷச்சாராயச் சாவுகளுக்குப் போகும் ம. நவீனின் ‘பேய்ச்சி’ முக்கியமாகப் படுகிறது. அங்கே கொல்வது கங்காணியின் கயிறு அல்ல, சாயங்கால ஆறுதல்.

புதிதாக எழுத வருகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த கதையில் ஒருத்தனைக் கட்டும்போது அவன் கை நீலம் பாய வேண்டாம். வலிக்காத கையைக் காட்டுங்கள். வேலை முடிந்து அவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகட்டும். அவனால் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.