'மாசி': ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

உப்பிட்டு உலர்த்திய மீனுக்குத் தமிழில் வழங்கும் பொதுச்சொல் 'கருவாடு' என்பதாகும். அதன் வகைகளுள் ஒன்றாக எண்ணப்படும் 'மாசி' செய்முறையால் வேறானது. சூரை மீனைத் துண்டங்களாக்கி, உப்புநீரில் வேகவைத்து, புகையூட்டி, பின்னர் வெயிலில் உலர்த்துவர். அது கட்டைபோல் இறுகிவிடுதலின் இடித்தோ சீவியோ உணவிற் சேர்க்கப்படுகிறது.

இச்சொல்லின் பிறப்பை ஆராய்வார்க்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது, மாசித் திங்களின் பெயரோடு அமைந்த ஒலியொப்புமை. திங்களின் பெயர் மக நாண்மீனின் தொடர்பால் அமைந்தது. மீன் பதப்படுத்தலுக்கும் அதற்கும் பொருளுறவு இல்லை. இரண்டாவது, சிங்களத்தில் இறைச்சியைக் குறிக்கும் 'மஸ்' என்னும் சொல். இது வடமொழி 'மாம்ச' என்பதன் திரிபாகும். ஆனால் இப்பண்டத்தைச் சிங்களர் 'உம்பலகட' என்றே வழங்குவர். ஆதலின் தமிழ்ச்சொல் சிங்களத்தின் வழி வந்தது எனல் பொருந்தாது.

மாலத்தீவின் திவேகி மொழியில் 'மஸ்' என்பது மீனுக்குரிய பொதுப்பெயர். வடமொழி 'மத்ஸ்ய' என்பதன் வழிவந்தது. உலர்ந்த மீன் அங்கு 'ஹிகிமஸ்' எனப்படும். 'ஹிகி' என்பதே உலர்ந்தது என்னும் பொருளைத் தருகிறது. 14ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளில் தங்கிய இப்னு பதூதா அம்மீனை 'குல்ப் அல்மாஸ்' எனக் குறித்துள்ளார். பண்டத்தோடு பெயரும் கடல்கடந்தபோது அடைமொழி நீங்க, பொதுப்பெயர் சிறப்புப்பெயராயிற்று. வல்லின மெய் சொல்லிறுதியில் நில்லாது என்னும் தமிழ் மரபுக்கேற்ப ஈற்றில் உயிர் சேர்ந்தது.

இப்பொருட்சுருக்கத்திற்கு இலட்சத்தீவு தக்க சான்று தருகிறது. திவேகியின் கிளைமொழியாகிய மஹல் வழங்கும் மினிக்காய் நீங்கலாக, ஏனைய தீவுகளில் வழங்குவது மலையாளம். அங்கு இப்பண்டம் 'மாஸ்' எனவும் 'மாஸ்மீன்' எனவும் பெயர்பெறும். மூலப்பொருளை நோக்கின் 'மாஸ்மீன்' என்பது 'மீன்மீன்' என்றாகும். முதற்சொல்லின் மூலப்பொருள் மறைந்த பின்னரே இத்தகைய தொகை அமைதல் கூடும். தமிழின் 'மாசிக்கருவாடு' என்பதும் இவ்வாறே அமைந்தது.

மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் ஆகாது. மஹல் அல்லது திவேகிக் கதையில் வரும் 'மஸ்' என்பதை 'மாசி' எனப் பெயர்த்தால், தூண்டிலில் துள்ளும் மீன் உலர்ந்த துண்டமாகிவிடும். தமிழ்ப் பனுவலின் 'மாசி'யை வெறும் 'மீன்' எனப் பெயர்த்தாலோ, அதன் வேக்காடும் புகையும் வெயிலும் மறைந்துவிடும். சொல்லின் பிறப்பை அறிதல் இன்றியமையாதது. எனினும் அது சென்று சேர்ந்த மொழியில் பெற்ற பொருளே பெயர்ப்புக்கு அளவுகோலாதல் வேண்டும்.