பரிந்துரை எனும் அமானிதம்: தபரீயின் ஓர் அறிவிப்பு குறித்து

காதிஸிய்யாப் போருக்குத் தளபதி தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாற்றை இமாம் தபரீ (மறைவு ஹிஜ்ரி 310 / கி.பி. 923) தம் பெருநூலில் பதிவு செய்துள்ளார். நம் மேடைகளில் அதன் முற்பாதியே பெரிதும் சொல்லப்படுகிறது. பிற்பாதியே ஆழ்ந்த சிந்தனைக்குரியது என்பது நம் கருத்து.

ஹிஜ்ரி 13இல் நிகழ்ந்த பாலப் போரில் தளபதி அபூ உபைத் ஸகஃபீ கொல்லப்பட்டார். படை பேரிழப்புக்கு உள்ளாயிற்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தாமே படை நடத்தக் கருதி, மதீனாவுக்கு அருகே ஸிராரில் முகாமிட்டார்கள். கலீஃபா வீழ்ந்தால் சமுதாயமே நிலைகுலையும் என்று தடுத்தவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். பின் எவரை அனுப்புவது என்ற ஆலோசனையின்போது, ஹவாஸின் கோத்திரத்தாரிடம் ஸகாத் வசூலித்துக்கொண்டிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் மடல் வந்து சேர்ந்தது. ஸஅத் அவர்களைக் கூர்நகச் சிங்கத்துக்கு ஒப்பிட்டு, அப்துர் ரஹ்மான் அவர்கள் பரிந்துரைத்தார்கள்.

சொற்பொழிவாளர்கள் இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றனர். தபரீ நிறுத்தவில்லை. நபி (ஸல்) அவர்களின் தாய்மாமன் என்ற சிறப்பில் மயங்கிவிட வேண்டாம். இறைவனிடம் வழிபாடன்றி வேறு உறவு எவருக்கும் இல்லை என்று உமர் (ரலி) அவர்கள் புதிய தளபதியை எச்சரித்ததையும் அவர் எழுதுகிறார். நோயினால் குதிரையேற இயலாத ஸஅத் அவர்கள் மாளிகையிலிருந்தே போரை நடத்தியதையும், அதற்காகப் படையினரிற் சிலர் கவிதையில் ஏளனம் செய்ததையும் மறைக்கவில்லை.

இவ்வறிவிப்புகளிற் பல ஸைஃப் இப்னு உமர் வழியாக வந்தவை. அவரை ஹதீஸ் கலை அறிஞர்கள் பலவீனமானவர் என்பர். எனவே உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் ஆதாரமாக்குதல் தகாது. எனினும் உமர் (ரலி) அவர்களின் அணுகுமுறைக்கு ஸஹீஹுல் புகாரி வலுவூட்டுகிறது. கூஃபாவாசிகள் ஸஅத் அவர்களின் தொழுகையைக்கூடக் குறை கூறியபோது, கலீஃபா அவர்களைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஆளனுப்பிப் பள்ளிவாசல்தோறும் விசாரிக்கவும் செய்தார்கள். பின்னர் மரணப் படுக்கையில், அந்நீக்கம் இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அன்று எனச் சான்றுரைத்து, அடுத்த கலீஃபாவுக்கான அறுவருள் ஒருவராகவும் அவர்களைக் குறிப்பிட்டார்கள்.

ஆக, நன்மதிப்பு வேறு. பொறுப்புக்கான தகுதி வேறு. அபூதர் (ரலி) அவர்களின் இறையச்சத்தில் எவர் ஐயுறுவர்? அவர்கள் பதவி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் வழங்கவில்லை என ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. பரிந்துரைப்பவருக்கு அதன் நன்மையிலும் தீமையிலும் பங்குண்டு என்பது குர்ஆனின் (4:85) போதனை. போர்க்களத்தில் அப்பங்கு பிறருடைய உயிர்களால் அளக்கப்படுகிறது. தபரீயின் பக்கங்களை முழுமையாக வாசிப்போர், சிங்க உவமையோடு இக்கடமையையும் நினைவிற்கொள்வர்.